இழுக்கும் குதிரையும் நிறுத்தும் குதிரையும்

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு, இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதியது)

தமிழ் கற்பான் ஒருவன் மோட்டார் வண்டியின் குதிரைத்திறனைப்பற்றி எழுதப் புகுவது, குயவன் தறியில் அமர்ந்தாற்போலும் என்று வகுப்பு நண்பர் நகைத்தல் கூடும். நகைப்பாராக. சென்ற கோடை விடுமுறையில் யான் ஒரு வண்டியின் திறனை அளந்தேன். அளந்த கணக்கும் பெரும்பாலும் பிழையின்றியே முடிந்தது. ஆயினும் அக்கணக்கினால் ஒரு மூதாட்டியின் கை முறிந்தது. இது நிகழ்ந்த வகையை மறையாது எழுதுதல் என் கடன் எனக் கருதுகின்றேன்.

எமதூர் விருத்தாசலம். முதுகுன்றம் என்பது அதன் பழம்பெயர். மணிமுத்தாற்றின் கரையில் பழமலைநாதர் திருக்கோயிற் கோபுரங்கள் ஓங்கி நிற்க, ஊர்ப்புறத்தே பீங்கான் சூளைகளின் புகைபோக்கிகளும் நிற்கும். மின்சார விளக்கிற்குரிய பியூஸ் கட்டைகளும், கம்பியைத் தாங்கும் வெண்பீங்கான் குமிழ்களும், குழந்தைகள் விரும்பும் பொம்மைகளும் இச்சூளைகளில் வெந்து வெளிவருகின்றன. என் தந்தையார் அத்தகைய சூளை ஒன்றில் மெருகு பூசும் தொழிலாளர். என் தாயாரின் இளைய சகோதரர், அஃதாவது என் சின்ன மாமா, அச்சரக்குகளை வைக்கோலிட்டுக் கட்டி வெளியூர்களுக்குக் கொண்டுசெல்லும் பிக்கப் வண்டி ஒன்றன் உரிமையாளரும் ஓட்டுநரும் ஆவார். பலாப்பழக் காலத்தில் பண்ணுருட்டிக்கும், முந்திரிக் காலத்தில் கொட்டை உடைக்கும் ஊர்களுக்கும் அதே வண்டி செல்லும்.

சிறு சரக்கு வண்டிகள் பெருகிய பின்னர் எம்மூர்ச் சாலைகளின் தோற்றமே மாறிவிட்டது. 2005ஆம் ஆண்டில் டாட்டா கம்பெனியார் ‘ஏஸ்’ என்னும் வண்டியை வெளியிட்டனர். இரண்டே சிலிண்டர்களும் 16 குதிரைத்திறனும் உடைய அதனை நம்மவர் ‘குட்டி யானை’ என்று செல்லப்பெயரிட்டு அழைத்தனர். அதனினும் பெரியவை பிக்கப் வண்டிகள். ஒன்றரை டன் வரையிலும் சுமப்பனவும் அவற்றுள் உண்டு. தேநீர்க் கடையில் ஓட்டுநர் நால்வர் கூடினால், எவர் வண்டிக்கு வலிமை மிகுதி என்பதே பேச்சு. அப்பேச்சு சில நாட்களில் பந்தயமாகவும் முடியும்.

இவ்வாறு நேர்ச்சாலையில் இரு வண்டிகளை நிறுத்தி, ஒரே கணத்தில் புறப்படவிட்டு, முந்துவதை வென்றதாகக் கொள்ளும் ஆட்டத்திற்கு ‘டிராக்’ பந்தயம் என்று பெயர். இதற்குரிய தூரம் கால் மைல்; ஏறத்தாழ 402 மீட்டர். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் இஃது ஒழுங்குபெற்றது. 1951இல் இதற்கென ஒரு தேசியச் சங்கமும் தோன்றியது. தாய்லாந்து நாட்டிலோ, நம் மாமாவினதைப் போன்ற டீசல் பிக்கப் வண்டிகளையே திருத்தி ஓட்டுவது பெருவழக்கு. நம் மாகாணத்தில் சோழவரத்தில், உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தின்மேல், சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் நெடுங்காலம் பந்தயங்கள் நடத்தினர். 1990இல் திருப்பெரும்பூதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே ஓடுபாதை அமைந்தது. இவையெல்லாம் யான் பின்னர் அறிந்தவை. அன்று யான் அறிந்தது மாமாவின் தேநீர்க் கடைப் பந்தயம் ஒன்றே.

ஒரு நாள் மாலை மாமா என்னை நோக்கி, “மாப்பிள்ளை, பெரிய படிப்புப் படிக்கிறாயே, என் வண்டியில் எத்தனை குதிரை இருக்கிறதென்று சொல், பார்க்கலாம்” என்றார். வண்டியின் விற்பனைத் தாளில் 63 என்று அச்சிட்டிருந்தது. “அது பிறந்தபோது இருந்த குதிரை, இப்போது எத்தனை உயிரோடிருக்கிறது?” என்று மீண்டும் கேட்டார். பள்ளியிறுதியில் பௌதிகம் பயின்றிருந்தமையால் எனக்கும் ஓர் ஆசை பிறந்தது.

குதிரைத்திறன் என்னும் அளவை வகுத்தவர் நீராவி இயந்திரத்தைத் திருத்திய ஜேம்ஸ் வாட் என்பார். அக்காலத்து ஆலைகளில் குதிரைகளே செக்கு மாடுகள் போலச் சுற்றி வேலை செய்தன. தம் இயந்திரம் எத்தனை குதிரைக்கு ஈடு என்று வாங்குவோர் வினவியதனால், ஒரு குதிரை ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓரடி உயர்த்தும் என்று அவர் கணக்கிட்டு உரைத்தார். மெட்ரிக் முறையில் இதனை இன்னும் எளிதாகக் கூறலாம். 75 கிலோ எடையுள்ள களிமண் மூட்டையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்குவது ஒரு குதிரைத்திறன், அது 735.5 வாட்டுக்குச் சமம். எம்மூர்ச் சூளையில் மூட்டை தூக்கும் ஆடவர் அதனை ஓரிரு முறை செய்துவிடுவர். நாள் முழுதும் விநாடிதோறும் செய்தல் எவர்க்கும் இயலாது. திறன் என்பது வேலையைக் காலத்தால் வகுத்த ஈவு என்னும் உண்மை எனக்கு அம்மூட்டையைக் கண்டே தெளிவாயிற்று.

இனி, இயந்திரத்தைக் கழற்றாமலே அதன் திறனை அறியும் வழி யாது? ஓடும் பொருளுக்கு ஓர் ஆற்றல் உண்டு. நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அவ்வாற்றல் கிடைக்கும். குறைந்த வேகத்தில் எவ்வளவு, மிகுந்த வேகத்தில் எவ்வளவு என்று கண்டு, வேறுபாட்டை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்தால், சக்கரத்தில் வந்து சேர்ந்த திறன் வெளிப்படும். இதற்கு வேண்டுவன இரண்டே: வண்டியின் எடை, ஒரு கடிகாரம்.

எடை மேடைக்குச் சென்றோம். மாமாவும் யானும் அமர்ந்திருக்க, வெற்று வண்டி 1,820 கிலோ நின்றது. அந்தச் சீட்டை யான் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டேன். மறுநாட் காலை, சமமான சாலையில், விதித்த வேகத்திற்கு உட்பட்டே, மூன்றாம் கியரில் மணிக்கு 30 கிலோமீட்டர் முதல் 60 கிலோமீட்டர் வரை மாமா விரைந்து செலுத்த, யான் கைப்பேசியிலுள்ள விநாடிக் கடிகாரத்தைத் தட்டினேன். போகும்போது மூன்று முறை, வரும்போது மூன்று முறை. சாலையின் சிறு ஏற்ற இறக்கமும் காற்றும் இதனால் ஒன்றையொன்று தேய்த்துவிடும். சராசரி ஆறரை விநாடி. கணக்கிட்டால் ஏறக்குறைய 40 குதிரை.

ஆனால் காற்றையும் தரையின் தடையையும் வெல்லுதற்கும் இயந்திரம் உழைக்கின்றதன்றோ? அதனை அறிய, 50 கிலோமீட்டர் வேகத்தில் கியரை விடுவித்து வண்டியைத் தானே தளரவிட்டோம். 40க்கு இறங்க 12 விநாடி ஆயிற்று. அக்கணக்கின்படி தடையே 7 குதிரையை விழுங்குகின்றது. ஆக, சக்கரத்தில் 47. அச்சிட்ட 63 எங்கே போயிற்று என்று மாமா வருந்தினார். அந்த 63, இயந்திரம் தன் உச்சச் சுழற்சியில் நிற்கும் ஒரு கணத்திற்கு மாத்திரம் உரியது. யாம் அளந்ததோ பல சுழற்சிகளின் சராசரி. இடையில் கியர்ப் பெட்டியும் அச்சும் தமக்குரிய பங்கை எடுத்துக்கொள்கின்றன என்று விளக்கினேன். மாமா தேறினார். யானோ, தேர்வில் முதன்மை பெற்றவன்போல் மகிழ்ந்தேன்.

இம்மகிழ்ச்சி அளவோடு நின்றிருப்பின் இவ்வியாசத்திற்கு இடமில்லை. பலாப்பழம் ஏற்றும் வேறோர் ஓட்டுநர் அதே வகை வண்டி வைத்திருந்தார். அவருக்கும் மாமாவுக்கும் பந்தயம் மூண்டது. மாமா ஒரு மெக்கானிக்கிடம் சென்று, டீசல் பம்பின் திருகாணியைத் திருகி, எண்ணெய் மிகுதியாக இறங்கும்படி செய்வித்தார், சைலன்சரையும் அறுத்தெறிந்தார். வண்டி இடிபோல முழங்கிற்று, கரும்புகை கக்கிற்று. பத்துக் குதிரை கூடிவிட்டதாக மெக்கானிக் உறுதி கூறினாராம்.

யான் மீண்டும் அளக்கப் புகுமுன்னர் ஓர் ஆலோசனை கூறினேன். “மாமா, கரும்புகை என்பது எரியாமல் வீணாய்ப் போகும் எண்ணெய். உள்ளே புகும் காற்று மிகாமல் எண்ணெய் மட்டும் மிகுந்தால் பயன் சிறிது. எடையைக் குறையுங்கள், அது செலவில்லாத குதிரை” என்றேன். அவ்வளவே. ஸ்டெப்னிச் சக்கரம், பின் கதவு, ஜாக்கி, கருவிப் பெட்டி, தார்ப்பாய், கயிறு ஆகிய எல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தன. எடை 1,740 ஆயிற்று. நேரமும் ஆறரையிலிருந்து 5.8 விநாடியாகக் குறைந்தது. கணக்கிட்டால் சக்கரத்தில் 49 அல்லது 50 குதிரை. பத்துக் குதிரை என்ற பேச்சு மூன்றாகச் சுருங்கியது. அம்மூன்றிலும் முழு நம்பிக்கை கொள்ளுதற்கில்லை. கடிகாரத்தைத் தட்டும் என் கட்டைவிரல் ஒரு விநாடியில் ஐந்திலொரு பங்கு பிழைத்தாலே ஏறத்தாழ ஒன்றரைக் குதிரை கூடும் அல்லது குறையும். வேகமுள்ளும் உண்மையைவிடச் சற்று மிகுத்துக் காட்டும் இயல்புடையது.

இவ்வையங்களையெல்லாம் யான் மாமாவுக்கு எடுத்துரைத்தேனா? உரைத்தேன், ஆனால் மெல்லிய குரலில் உரைத்தேன். உரத்த குரலில் உரைத்தது வேறொன்று. கால் மைலின் முடிவில் வண்டி அடையும் வேகம், எடைக்கும் திறனுக்கும் உள்ள விகிதத்தின் மும்மடி மூலத்தைப் பொறுத்தது. திறனை இருமடங்காக்கினும் வேகம் நூற்றுக்கு 26 பங்கே கூடும். நம் வண்டியில் விகிதம் பத்திலொரு பங்கு கூடியிருப்பதனால், வேகமும் நேரமும் நூற்றுக்கு மூன்று பங்கு நலம் பெறும். ஆகவே மூன்று வண்டி நீளத்தில் வெல்லுவீர் என்று கூறிவிட்டேன். மாமா அதனைத் தேநீர்க் கடையில் பறையறைந்தார். “மாப்பிள்ளை கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டான்” என்பதே அவர் பேச்சாயிற்று. பந்தயப் பணம் இருமடங்காக உயர்ந்தது.

குறித்த நாளில், கிழக்கு வெளுக்கும் வேளையில், ஊருக்குப் புறத்தே அகலப்படுத்திய சாலை ஒன்றில் கூடினோம். இருபுறமும் முந்திரித் தோப்பு. மின்கம்பங்களின் இடைவெளியை அடியெண்ணி அளந்து, எட்டுக் கம்பத் தொலைவு கால் மைலுக்கு ஒக்கும் என்று யானே எல்லை வகுத்தேன். 58 கிலோ குறையுமென்று மாமா என்னையும் இறக்கிவிட்டார். ஆகவே எல்லைக் கம்பத்தின் அடியில் நடுவனாக நின்றேன். கம்பத்தின் உச்சியில் வெண்பீங்கான் குமிழ்கள் விடியல் ஒளியில் மின்னின. எட்டுக் கம்பத்தையும் அளந்தவன், எட்டாம் கம்பத்திற்கு அப்பால் என்ன இருக்கின்றது என்று திரும்பியும் பார்த்தேனல்லேன்.

துண்டு ஒன்று வீசப்பட்டது. இரு வண்டிகளும் முழங்கிப் புறப்பட்டன. நாலாம் கம்பத்தில் மாமா முந்தினார். எட்டாம் கம்பத்தை அவர் கடந்தபோது மற்றவர் சரியாக மூன்று வண்டி நீளம் பின்தங்கியிருந்தார். என் கணக்கு வென்றது! கைகொட்ட யான் கையை உயர்த்தினேன். உயர்த்திய கை உயர்ந்தபடியே நின்றது.

எல்லைக்கு அப்பால், தோப்பிலிருந்து சுள்ளிக் கட்டுடன் ஒரு மூதாட்டி சாலையில் இறங்கிக்கொண்டிருந்தார். மாமா பிரேக்கை மிதித்தார். பாரம் சுமத்தற்கென்றே சமைத்த வண்டி அது. பாரமில்லாதபோது அதன் பின்புறம் இலேசு. அந்த இலேசான பின்புறத்தினின்றும் ஸ்டெப்னியையும் கதவையும் பெட்டியையும் என் சொற்கேட்டு எடுத்துவிட்டிருந்தார். பின்சக்கரங்கள் தரையைப் பற்றாமல் பூட்டிக்கொண்டு வழுக்கின. வண்டி குறுக்கே திரும்பி, சாலையை விட்டிறங்கி, மணலில் புதைந்து நின்றது. மூதாட்டிக்கும் அதற்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கும். வண்டி அவரைத் தீண்டவில்லை. ஆனால் அஞ்சி விலகியவர் கையூன்றி விழுந்தார்.

மாமாவின் வண்டி நகரவில்லை. தோற்றவரின் வண்டியிலேயே மூதாட்டியை ஏற்றினோம். பின்தட்டில் அவர் தலையை மடியில் தாங்கி யான் அமர்ந்தேன். மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது. வலியினிடையே அவர் என்னை நோக்கி வினவினார்: “தம்பி, அந்த வண்டியில யாருக்காவது உடம்பு சரியில்லையா? அவ்வளவு வேகமா வந்துச்சே, அவங்களை யாரு பாத்துக்கிறா?”

நோயாளி எவரேனும் உள்ளே இருத்தல் கூடும் என்பதன்றி, அத்தகைய விரைவுக்கு வேறொரு காரணம் உண்டென அவ்வம்மையாருக்குத் தோன்றவில்லை. “இல்லை, பாட்டி” என்றேன். அதற்குமேல் என் நாவில் ஒரு சொல்லும் எழவில்லை. இரண்டாண்டுகள் கற்ற இலக்கியம் அத்தனையும் அவ்வண்டியின் பின்தட்டில் எனக்கு உதவவில்லை.

எலும்பு முறிந்திருந்தது, கட்டுப் போட்டனர். அன்றிரவு உறக்கம் வாராமையால், மடித்து வைத்த எடைச் சீட்டை எடுத்து, அதுகாறும் போடாத ஒரு கணக்கைப் போட்டேன். எல்லையைக் கடந்தபோது வேகமுள் 90ஐத் தொட்டதாக மாமா கூறினார். யான் இறங்கியபின் வண்டியும் அவருமாக எடை ஏறத்தாழ 1,680 கிலோ. அவ்வேகத்தில் வண்டியை நான்கு விநாடியில் நிறுத்த வேண்டுமாயின், பிரேக்குகள் அந்த ஆற்றல் முழுவதையும் வெப்பமாக மாற்றி ஒழித்தல் வேண்டும். அதற்கு வேண்டும் சராசரித் திறன் 178 குதிரை! இழுத்தற்கு 50, நிறுத்தற்கு 178. அப்போதும் வண்டி 50 மீட்டர், அஃதாவது இன்னுமொரு கம்பத் தொலைவு, ஓடியே நிற்கும். ஓட்டுநர் கண்டு, கால் பிரேக்கைச் சென்று சேரும் ஒரு விநாடியில் வேறொரு 25 மீட்டர் கழியும். 60இல் ஓடும் வண்டியைவிட 90இல் ஓடுவதற்கு ஆற்றல் இரண்டேகால் மடங்கு. இவையனைத்தும் யான் முன்னரே அறிந்திருந்த அதே சூத்திரத்தினின்றே வருவன. இழுக்கும் குதிரைகளை ஒவ்வொன்றாக எண்ணிய யான், நிறுத்தும் குதிரைகளை எண்ண நினைத்திலேன். எண்ணாததோடு, அவை கால் ஊன்றுதற்குரிய பாரத்தையும் களையச் சொன்னேன்.

வள்ளுவனார் ‘வலியறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். மயிலிறகே ஆயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு ஒடியும் என்னும் உவமை அதன்கண் உண்டு. தேர்வுக்காக அதனைப் பலமுறை உருவிட்டிருக்கின்றேன். அங்கே பாரம் மிகுந்து வண்டி கெட்டது. எங்கள் வண்டியோ பாரம் குறைந்து கெட்டது. தன் வலிமைக்கு எல்லை யாது என்று அறியாமையே இரண்டிற்கும் ஏதுவாதலை அன்றிரவே உணர்ந்தேன்.

மறுநாள் என் தந்தையார் செய்தி முழுவதையும் கேட்டார். அவர் கடிந்து பேசும் வழக்கமுடையவரல்லர். “சூளையில் நெருப்பை ஏற்றுவது எவனுக்கும் தெரியும், ஆற விடத் தெரிந்தவனிடந்தான் சாமான் விரிசலில்லாமல் வரும்” என்று மாத்திரம் சொல்லி வேலைக்குச் சென்றார். மாமா தலைகுனிந்திருந்தார். பொதுச்சாலையில் வேகப் பந்தயம் விடுதல் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி குற்றம். 2019இல் திருத்திய பின்னர் முதன்முறைக்கே மூன்று மாதச் சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வண்டியின் உறுப்புகளை விதிக்கு மாறாக மாற்றுதலும் அச்சட்டத்திற்கு ஒவ்வாது. ஆனால் மாமாவைத் திருத்தியது சட்டமன்று. பாட்டியின் வினாவை யான் அவருக்குச் சொன்னேன். அதனைக் கேட்டபோது அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

பந்தயப் பணம் முழுவதும் மருத்துவத்திற்குச் சென்றது. தோற்றவரும் தம் பங்காக ஒரு தொகை தந்தார். கட்டுப் பிரிக்கும்வரை பாட்டியின் வீட்டிற்கு அரிசியும் விறகும் மாமாவின் வண்டியிலேயே போயின. ஞாயிறுதோறும் ஆலயம் முடிந்தபின் யானும் உடன் சென்று விறகை இறக்கி அடுக்கினேன். உண்மையை நான்காம் வாரத்தில்தான் அவருக்குச் சொல்லத் துணிந்தேன். உள்ளே நோயாளி எவரும் இல்லை, விளையாட்டாக ஓட்டினோம், கணக்குச் சொன்னவன் யானே என்றேன். பாட்டி சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, “நல்ல வேளை, நோயாளி இல்லை” என்றார். அச்சொல்லில் இருந்தது மன்னிப்போ கண்டிப்போ என்று இன்றளவும் எனக்குத் துணிய முடியவில்லை.

நண்பர்காள், வேகத்தை வெறுக்குமாறு யான் கூறவில்லை. விரைவில் ஓர் இன்பம் உண்டு; ரேக்ளா வண்டி கண்டவர் அதனை அறிவர். திறனை அளத்தலும் நல்ல கல்வியே. அதற்கென அமைந்த ஓடுபாதையில், எல்லைக்கோட்டிற்கு அப்பாலும் வண்டி தளர்ந்து நிற்கப் போதிய வெற்றிடம் விட்டிருப்பர். பார்ப்போரை வேலிக்கு அப்பால் நிறுத்தியிருப்பர். நிறுத்தும் குதிரைகளையும் எண்ணியவர் சமைத்த இடம் அது. நம் ஊர்ச்சாலையிலோ, எல்லைக் கம்பத்திற்கு அப்பால் எவரேனும் ஒருவர் சுள்ளிக் கட்டுடன் இறங்கி வந்துகொண்டே இருப்பர்.

ஸ்டெப்னியும் பின் கதவும் திண்ணையை விட்டு வண்டிக்கே திரும்பின. திருகாணி பழைய நிலைக்கு வந்தது. புதிய சைலன்சரும் பூண்டாயிற்று. மாமா இப்போது பியூஸ் கட்டைகளை வைக்கோலிட்டு ஏற்றிக்கொண்டு, ஒன்றும் உடையாத வேகத்தில் செல்லுகின்றார். அந்த எடைச் சீட்டு என் இலக்கணக் குறிப்பேட்டில் இருக்கின்றது. அதன் பின்புறத்தில் இரண்டு எண்கள் எழுதியிருக்கின்றேன்: 50, 178.